சோழி முதல் கான்பூர் வரை: அல்காரிதம் கற்பித்த கதை

ஊரிலிருந்து யாராவது டெல்லிக்கு வந்தால் காபிப் பொடி, அப்பளம், வடகம் இவற்றோடு ஒரு பஞ்சாங்கமும் வந்து சேருவது நம் வீடுகளில் வழக்கம். அது வாக்கியமா, திருக்கணிதமா என்று பெரியவர்களுக்குள் ஒரு சின்ன வாக்குவாதமும் நடக்கும். ஒன்றில் அமாவாசை ஒரு நேரத்தில் முடியும், இன்னொன்றில் வேறு நேரத்தில். அப்போ தர்ப்பணம் எப்போ பண்றது என்பது கேள்வி. பொறியியல் மாணவர்களுக்கு அல்காரிதம் கற்பித்த வரலாற்றை எழுத உட்கார்ந்தவன் ஏன் பஞ்சாங்கத்தைப் பிடித்துக்கொண்டான் என்று வாசகர்கள் நினைக்கலாம். காரணம் இல்லாமல் இல்லை.

1825-ஆம் ஆண்டு சென்னையில் ‘கால சங்கலித’ என்ற ஒரு பெரிய ஆங்கில நூல் வெளியாயிற்று. அதை எழுதிய ஜான் வாரன் ஒரு படை அதிகாரி. சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பிலும் சில ஆண்டுகள் இருந்தவர். தென்னாட்டார் காலத்தைக் கணிக்கும் முறைகளைத் தேடிப் போன அவருக்குப் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் கிடைத்தார். அந்தக் கணிதர் தரையில் சோழிகளை வைத்து, சொற்களாகவும் அசைகளாகவும் மனப்பாடம் செய்திருந்த அட்டவணைகளிலிருந்து எண்களை எடுத்து, சோழிகளைக் கூட்டியும் குறைத்தும், அவ்வாண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களுக்கு இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அவருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது என்றும், நினைவாற்றல் மட்டும் அபாரம் என்றும் வாரன் எழுதி வைத்தார்.

ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், பழங்கால வானியலில் பெரும் அறிஞரான ஆட்டோ நெய்கெபவர் 1952-இல் தமிழ் வானியலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கணிதரின் கணக்கை அவர் சரிபார்த்தார். கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகு. ஆனால் நெய்கெபவரை வியக்க வைத்தது பிசகு அல்ல. பாபிலோனியா வரை வேர் போகும் ஒரு கணக்கு முறை, வராகமிகிரர் காலத்தைத் தாண்டி, 1825-இல் புதுச்சேரித் தரையில் உயிரோடு இருந்ததே என்பதுதான்.

வாக்கிய முறை என்பது இதுதான். சந்திரன் பூமியை நெருங்கியும் விலகியும் போகும் சுற்று ஒன்பது முறை நிறைவேற ஏறக்குறைய 248 நாள் ஆகும். நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள்; ஒவ்வொரு வாக்கியத்தின் எழுத்துகளும் கடபயாதி முறையில் எண்களாக விரியும். அவற்றை வரருசியின் பெயரால் வழங்குவார்கள். இன்ன நாளுக்கு இன்ன வாக்கியம் என்று கண்டுபிடித்து, அதை விரித்து, கூட்டினால் சந்திரனின் இடம் கிடைத்துவிடும். காரணம் கேட்க வேண்டியதே இல்லை.

அல்காரிதம் என்ற சொல் 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மி என்ற கணித அறிஞரின் பெயரிலிருந்து வந்தது என்பது பலருக்கும் தெரிந்ததே. தமிழில் படிமுறை என்றும் நெறிமுறை என்றும் எழுதுகிறார்கள். டொனால்டு நூத் 1968-இல் வெளியிட்ட தம் பெருநூலின் முதல் தொகுதியில் அதற்கு ஐந்து லட்சணம் சொன்னார்: ஒரு கட்டத்தில் முடிய வேண்டும், ஒவ்வொரு படியும் ஐயமில்லாமல் இருக்க வேண்டும், உள்ளே போவது இன்னது, வெளியே வருவது இன்னது என்று இருக்க வேண்டும், ஒரு மனிதன் கையாலேயே செய்து முடிக்கும் அளவுக்குப் படிகள் எளிதாக இருக்க வேண்டும். புதுச்சேரிக் கணிதர் ஐந்திலும் தேறுகிறார். ஆனாலும் நம் பிள்ளைகளின் பொறியியல் பாடத்திட்டத்தில் அவர் பாதிப் பாடத்தில்தான் தேறுவார். அந்தப் பாடத்தின் பெயர் ‘அல்காரிதம் வடிவமைப்பும் பகுப்பாய்வும்’. முறை சரிதானா, எத்தனை படி ஆகும், கணக்கு பெரிதானால் படி எவ்வளவு பெருகும் என்ற கேள்விகள் அந்த இரண்டாம் பாதியில் வருகின்றன. அந்தப் பாதி நம் நாட்டு வகுப்பறைக்குள் எப்படி வந்தது, வந்த பிறகு என்ன ஆயிற்று என்பதே இக்கட்டுரை.

பகுப்பாய்வுக்கு ஒரு சின்ன உதாரணம். 1071, 462 என்ற இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் எது? 462-இல் தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வகுத்துப் பார்க்கலாம். 442-ஆவது முயற்சியில் 21 என்று விடை வரும். யூக்ளிடின் வழியில் 1071-ஐ 462-ஆல் வகுத்தால் மீதி 147. 462-ஐ 147-ஆல் வகுத்தால் மீதி 21. 147-ஐ 21-ஆல் வகுத்தால் மீதி இல்லை. மூன்றே வகுத்தல். ஆரியபட்டர் 499-இல் சொன்ன குட்டகக் கணக்கிலும் அடி ஆதாரம் இந்தத் தொடர் வகுத்தல்தான். ஆனால் ‘அதிகபட்சம் எத்தனை வகுத்தல் ஆகும்?’ என்ற கேள்விக்கு விடை 1844-இல்தான் வந்தது. சிறிய எண்ணில் எத்தனை இலக்கமோ, அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் போகாது என்று காப்ரியேல் லாமே நிறுவினார். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் எல்லோரும் செய்துகொண்டிருந்த கணக்கை ஒருவர் நின்று எண்ணிப் பார்த்தார், அவ்வளவுதான். சும்மா சொல்லக் கூடாது, அந்த எண்ணிப் பார்த்தல் பெரிய காரியம்.

இனி கான்பூருக்கு வருவோம்.

நம் நாட்டில் கணிப்பொறி முதலில் வந்தது கல்கத்தாவில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு, 1950-களின் நடுவில். பம்பாயில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் சொந்தமாகவே ஒன்றைச் செய்தார்கள். 1960-இல் முழுமையாக இயங்கத் தொடங்கிய அந்த டிஃப்ராக் பொறியின் பின்னால் நின்றவர் சென்னையில் பிறந்து கிண்டியில் பொறியியல் படித்த ஆர். நரசிம்மன். ஆனால் இவை ஆராய்ச்சிக்கான இடங்கள். இளங்கலை மாணவன் போய்த் தொட்டுப் பார்க்கக் கூடிய பொறி, 1963 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 1620. ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூட்டாகச் செய்த உதவியின் ஒரு பகுதி அது. பொறியோடு ஆசிரியர்களும் வந்தார்கள். அவர்களில் ஹாரி ஹஸ்கி என்பவர் எனியாக்கிலும் வேலை பார்த்தவர், இங்கிலாந்தில் ஆலன் டூரிங்கோடும் வேலை பார்த்தவர்.

அந்த வகுப்புகளை இந்தியப் பாடமாக்கிய பேராசிரியர் வி. ராஜாராமனைப் பற்றிச் சற்று நிதானித்துச் சொல்ல வேண்டும். அவர் நம்மவர் என்பதற்காக மட்டும் அல்ல, நம்மைப் போலவே வெளிமாநிலத்தில் வளர்ந்தவர் என்பதற்காகவும். 1933-இல் ஈரோட்டில் பிறந்தவர். டெல்லியில் அன்று மதராஸி எஜுகேஷன் அசோசியேஷன் என்று வழங்கிய, இன்று நாம் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்று அறியும் அமைப்பின் பள்ளியில் படித்து 1949-இல் வெளியே வந்தார். பிறகு செயின்ட் ஸ்டீஃபன்ஸில் இயற்பியல், பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம், அமெரிக்காவில் எம்.ஐ.டி., 1961-இல் விஸ்கான்சினில் முனைவர் பட்டம். திரும்பி வந்து கான்பூரில் மின்பொறியியல் ஆசிரியராகச் சேர்ந்தார்.

கான்பூர் ஆசிரியர்கள் நாடு முழுவதிலுமிருந்து விஞ்ஞானிகளையும் பொறியாளர்களையும் ஆசிரியர்களையும் அழைத்துப் பத்து நாள் வகுப்புகள் நடத்தினார்கள். வந்தவர்களில் அநேகம் பேருக்குக் கணிப்பொறியைக் கண்ணால் பார்ப்பதே முதல் தடவை. பிறகு சென்னை ஐ.ஐ.டி.க்குப் போய் அங்கே கணிப்பொறித் துறையை வளர்த்த பேராசிரியர் எச். என். மகாபலாவும் கான்பூரில் பாடம் எடுத்தவர். ராஜாராமன் 1969-இல் கணிப்பொறி நிரலாக்கத் தத்துவங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பாடநூல் வெளியிட்டார். இந்திய மாணவனின் கைக்கு எட்டும் விலையில், இந்தியாவிலேயே அச்சான புத்தகம். பின்னாளில் எம்.சி.ஏ. என்ற பட்டப் படிப்புக்கு வழி வகுத்தவரும் அவரே. நம் குடும்பங்களில் எத்தனை பேர் அந்த மூன்று எழுத்தால் வேலைக்குப் போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள்!

அந்த 1620-ஐப் பற்றி ஒரு வேடிக்கை. அதன் முதல் மாடலுக்குக் கூட்டல் தெரியாது. கூட்டல் வாய்பாட்டையும் பெருக்கல் வாய்பாட்டையும் நினைவகத்தில் ஏற்றி வைத்திருக்க வேண்டும். ஏழும் எட்டும் எவ்வளவு என்றால் அது வாய்பாட்டைப் பார்த்துத்தான் பதினைந்து என்று சொல்லும். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன் எண்சுவடியை ஒப்பிப்பது போலத்தான். நினைவகமும் அடிப்படை அளவில் 20,000 இலக்கம்தான்.

இந்தப் பற்றாக்குறையே பாடம் நடத்தியது என்பது என் எண்ணம். நிரலை அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, விடைத்தாளுக்குக் காத்திருக்க வேண்டிய காலம் அது. ஓர் அட்டை பிசகினால் போச்சு, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே பொறியிடம் கொடுக்கு முன் மாணவனே தாளில் பொறியாக மாறி ஒவ்வொரு படியாக நடந்து பார்ப்பான். எத்தனை படி ஆகும் என்று எண்ணுவான். பகுப்பாய்வு என்று யாரும் பெயர் வைக்கவில்லை, பிழைப்புக்கு வேண்டியிருந்தது.

அங்கிருந்து வந்த விளைச்சலில் ஒன்று, நாம் இன்றும் சாப்பிடுவது. கான்பூரில் மின்பொறியியல் படித்து 1970-இல் பட்டம் பெற்ற சர்தஜ் சாஹ்னி அமெரிக்கா போய், எல்லிஸ் ஹாரோவிட்ஸோடு சேர்ந்து 1978-இல் அல்காரிதம் பற்றிய பாடநூல் ஒன்றை வெளியிட்டார். டெல்லியில் கல்கோடியா அச்சிட்ட மலிவுப் பதிப்பாக அது இந்தியா முழுக்கப் பரவியது. பிரித்து ஆளுதல், பேராசை முறை, இயங்கு நிரலாக்கம், பின்வாங்கித் தேடல், கிளைத்து வரம்பிடல் என்ற அதன் அத்தியாய வரிசைதான் நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்கள் பலவற்றின் அலகு வரிசையும்.

அந்த இருவர் 1974-இல் சொன்ன ஒரு யோசனையை நான் வகுப்பில் பாகப்பிரிவினையாகச் சொல்வது வழக்கம். அண்ணன் தம்பிக்கு 40 நகைகள். ஒவ்வொன்றின் மதிப்பும் தெரியும். இரு பங்கும் சரிசமமாக வர வேண்டும். வருமா? ஒவ்வொரு நகையும் அண்ணனுக்கு அல்லது தம்பிக்கு என்றால் மொத்த வழிகள் ஒரு லட்சம் கோடிக்கு மேல். விநாடிக்குப் பத்து லட்சம் வழி பார்க்கும் பொறி என்றாலும் பன்னிரண்டு நாளைத் தாண்டும். நகைகளை இருபது இருபதாக இரண்டு குவியலாக்குங்கள். ஒவ்வொரு குவியலிலும் பத்து லட்சத்துச் சொச்சம் வழிகள்தான். இரண்டு பட்டியலையும் தனித்தனியே வரிசைப்படுத்தி, ஒன்றை மேலிருந்தும் மற்றதைக் கீழிருந்தும் பார்த்துக்கொண்டே வந்தால் ஜோடி அகப்பட்டுவிடும். பன்னிரண்டு நாள் வேலை சில நிமிடத்தில் முடியும். நகை 40-க்குப் பதில் 400 என்றால்? இந்த வித்தையும் படுத்துவிடும். அந்தக் கணக்குக்கு எப்போதும் வேகமாக ஓடும் வழி ஒன்று உண்டா என்பது 1972-இல் ரிச்சர்டு கார்ப் கொடுத்த 21 கடினக் கணக்குகளின் பட்டியலோடு சேர்ந்த கேள்வி. விடை இன்னும் வரவில்லை.

கான்பூரில் கணிப்பொறி அறிவியலுக்குத் தனி பி.டெக். 1978-இல் தொடங்கியது. மற்ற ஐ.ஐ.டி.களும், பிறகு தனியார் கல்லூரிகளும் தொடர்ந்தன. 1990-இல் கார்மென், லைசர்சன், ரிவெஸ்ட் எழுதிய தலையணை கனப் புத்தகம் வந்தது. ஆசிரியர்கள் அதை மேஜை மேல் வைத்துக்கொண்டார்கள். மாணவர்கள் தேர்வுக்கு முன் விற்கும் வினா-விடைப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய்.

நான் பல ஆண்டுகள் இப்பாடம் நடத்திய ஒரு கல்லூரியில் பத்து எண்களைக் கொடுத்து ‘விரைவு வரிசையாக்கம் எப்படி ஓடும், காட்டுக’ என்ற கேள்வி வருஷா வருஷம் வரும். எண்கள்கூட மாறாது. முதல் வருஷம் பிள்ளைகள் படிகளைப் போட்டார்கள். நாலாவது வருஷம் படம் மாதிரி வரைந்தார்கள். டோனி ஹோர் 1960 வாக்கில் கண்டுபிடித்த அந்த முறை, ஏற்கெனவே வரிசையாக இருக்கும் எண்களைக் கொடுத்தால், முதல் எண்ணையே அச்சாக வைக்கும்போது, படுமோசமாக ஓடும் என்பதை அவர்களில் பலர் மனப்பாடமாகச் சொன்னார்கள். ஏன் என்றால் முழித்தார்கள். புதுச்சேரிக் கணிதரையாவது குறை சொல்ல முடியாது. அவருக்குக் கிரகணம் வந்துவிட்டது.

ஒரு நாள் இரட்டைத் தேடல் நடத்தினேன். அகர வரிசையில் பத்து லட்சம் பெயர் உள்ள டெலிபோன் டைரக்டரியில் ஒரு பெயரை நடுவில் திறந்து, பாதியைத் தள்ளி, மீண்டும் நடுவில் திறந்து தேடினால் இருபது தடவைக்குள் முடிந்துவிடும். நிரலைப் பலகையில் எழுதச் சொன்னேன். ஒரு பையன் வேகமாக எழுதினான். எத்தனை ஒப்பீடு என்றேன். “கம்ப்யூட்டர் கர் லேகா, சர்” என்றான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன்.

அவனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். இரட்டைத் தேடலின் முதல் குறிப்பு 1946-இல் அச்சில் வந்தது. எந்த அளவுப் பட்டியலுக்கும் சரியாக ஓடும் வடிவம் அச்சில் வர 1960 ஆயிற்று என்று நூத் எழுதியிருக்கிறார். ஜான் பென்ட்லி என்ற அறிஞர் தொழில்முறை நிரலாளர்களிடம் இதைக் கொடுத்துப் பார்த்தார். பெரும்பாலோருக்குப் பிழையில்லாமல் எழுத வரவில்லை. சரி, பென்ட்லியாவது சரியாக எழுதினாரா? இரு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுத்து நடுவைக் காண்பது அவர் வழி. பட்டியல் நூறு கோடியைத் தாண்டும் அளவுக்குப் பெரிதானால் அந்தக் கூட்டுத்தொகை பொறியின் எண் எல்லையை மீறி எதிர்மறையாகிவிடும். அதே வழியைப் பின்பற்றிய ஜாவா நூலகத்தில் இந்தப் பிசகு ஒன்பது ஆண்டு போல் யார் கண்ணிலும் படாமல் இருந்ததை, அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் வெளியிட்டார். “தோ சர், ஹம் க்யா கரேங்?” என்றான் பையன். கூட்டாமல், இடைவெளியில் பாதியை எடுத்துக் கீழ் முனையோடு சேர் என்றேன்.

இப்போது நிலைமை இன்னும் ஒரு படி தாண்டிவிட்டது. வாயால் கேட்டால் பொறியே நிரலை எழுதித் தருகிறது. வீட்டில் பெற்றோர் என்னிடம் கேட்பது, “இனிமே இந்த அல்காரிதம் பேப்பர் எதுக்கு சார், வேற ஏதாவது எலெக்டிவ் எடுக்கட்டுமா?” என்பது. எழுதித் தந்த நிரல் நாற்பது நகைக்கு ஓடுமா, நானூறுக்கு ஓடுமா என்று யார் எண்ணிப் பார்ப்பது என்று திருப்பிக் கேட்பேன். சிலருக்கு அந்தப் பதில் போதவில்லை. அப்போது 2002-ஐச் சொல்வேன்.

ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்று கண்டறிவது பழைய கணக்கு. அதன் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்ப்பது பள்ளிக்கூட முறை. நூறு இலக்க எண்ணுக்கு அதில் ஒன்றுக்குப் பின் ஐம்பது சைபர் போட்ட அளவு வகுத்தல் வரலாம். பிரபஞ்சத்தின் வயது போதாது. சந்தேகத்துக்கு இடமில்லாமல், நிறுவப்படாத எதையும் நம்பாமல், இலக்கங்களின் எண்ணிக்கையை ஒட்டி அளவோடு வளரும் முறை உண்டா என்பது பல காலம் திறந்தே கிடந்தது. கான்பூரில் மணீந்திர அகர்வால் இதை பி.டெக். மாணவர்களுக்குத் திட்டப்பணியாகவே கொடுத்து வந்தார். 2001-இல் ஒரு ஜோடி மாணவர்கள் கொஞ்ச தூரம் போனார்கள். அடுத்த ஆண்டு நீரஜ் கயலும் நிதின் சக்சேனாவும் தொடர்ந்தார்கள். பட்டம் வாங்கிய அந்தக் கோடையிலேயே, 2002 ஆகஸ்டில், மூவர் பெயரிலும் விடை வெளியாயிற்று. கட்டுரை 2004-இல் கணிதத்தின் தலைசிறந்த இதழ்களில் ஒன்றில் அச்சானது. 2006-இல் கோடல் பரிசு. நடைமுறையில் இன்றும் பயன்படுவது அதைவிட வேகமான, மிகச் சிறு ஐயம் மிச்சம் வைக்கும் மில்லர்-ராபின் சோதனைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதன் விதை நம் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். பிங்கலரின் சந்த நூலுக்கு உரை செய்த ஹலாயுதர் 10-ஆம் நூற்றாண்டில் விளக்கிய மேரு பிரஸ்தாரத்தை, அதாவது பாஸ்கல் முக்கோணத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். 5-ஆம் வரிசை 1, 5, 10, 10, 5, 1. ஓர ஒன்றுகளை விட்டால் எல்லாம் 5-ஆல் வகுபடும். 5 பகா எண். 6-ஆம் வரிசையில் 15-உம் 20-உம் 6-ஆல் வகுபடா. 6 பகா எண் அல்ல. முறை எப்போதும் சரி. ஆனால் நூறு இலக்க எண்ணுக்கு அந்த வரிசையை எழுதவே பிரபஞ்சத்தில் இடம் இல்லை. சரியாக இருந்தும் உதவாத ஒரு முறையை, பொருத்தமாக ஒரு சிறு எண்ணைத் தேர்ந்து, பல்லுறுப்பை அந்த அளவுக்கு மடித்து மடித்துச் சுருக்கி, சுருக்கியும் விடை கெடாது என்று நிறுவியதுதான் அந்த மூவரின் சாதனை.

இதைச் சொன்ன மறுநாள் ‘கம்ப்யூட்டர் கர் லேகா’ பையன் ஒரு தாளோடு வந்தான். 7-ஆம் வரிசையையும் 9-ஆம் வரிசையையும் கையால் போட்டிருந்தான். 7 சரியாக வந்திருந்தது. 9-ஆம் வரிசையில் 9 வகுபட்டது, 36 வகுபட்டது, 126-உம் வகுபட்டது. 84 மட்டும் வகுபடவில்லை. அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தான். 36-ஓடு நிறுத்தியிருந்தால் 9 பகா எண் என்று எழுதிக் கொடுத்திருப்பேன் சார் என்று இந்தியில் சொல்லிவிட்டு, அடுத்து 25-ஆம் வரிசையைப் போட எத்தனை கூட்டல் ஆகும் என்று நின்றபடியே எண்ணத் தொடங்கினான்.